கொழுப்பும் மூச்சுக்குழாயும்

"வெயிட் போட்டா மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று நம்மூரில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. உடம்பு கனத்தால் படியேற அதிக ஆக்ஸிஜன் வேண்டும், நெஞ்சுக்கூட்டை விரிக்க அதிக உழைப்பு வேண்டும், அதனால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அது ஆஸ்துமா இல்லை. ஆனால் உடலில் சேரும் அதிகக் கொழுப்பு ஆஸ்துமாவையே உண்டாக்க முடியுமா, ஏற்கெனவே இருக்கும் ஆஸ்துமாவின் போக்கை மாற்ற முடியுமா என்பது தனிக் கேள்வி. சில மாதங்களாக இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துவைத்துப் படித்து வருகிறேன். நான் டாக்டர் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதால் தேடிப் படித்தவன், அவ்வளவுதான். படித்ததை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். குண்டாக இருப்பவர்களின் சாதாரண மூச்சிரைப்பைத்தான் டாக்டர்கள் ஆஸ்துமா என்று தப்பாக எழுதிவிடுகிறார்களோ? அப்படியென்றால் மொத்தக் கதையும் காலி. 2008-ல் கனடாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லியிருந்த 496 பேரை வரவழைத்து, மூச்சுக்குழாய் உண்மையிலேயே சுருங்குகிறதா என்று முறைப்படி பரிசோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமாவே இல்லை! ஆனால் கவனிக்க வேண்டியது இதுதான்: பருமனானவர்களிலும் சரி, இல்லாதவர்களிலும் சரி, இந்தத் தவறு ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது (32-க்கு 29 சதவீதம்). ஆக, பருமனுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பைத் தப்பான நோயறிதல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் பரிசோதனையே செய்யாமல் வருஷக்கணக்கில் பம்ப் அடித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

அடுத்தது, எது முன்னால் வந்தது? ஆஸ்துமா இருப்பவர் ஓடியாட பயந்து உட்கார்ந்தே இருந்து எடை போட்டிருக்கலாமே? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வேண்டுமென்றால் ஆஸ்துமா இல்லாதவர்களை எடுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் செவிலியர் உடல்நல ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். ஏறக்குறைய 86,000 பெண்களை 1991 முதல் 1995 வரை தொடர்ந்ததில் சுமார் 1,600 பேருக்குப் புதிதாக ஆஸ்துமா வந்தது. பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒல்லியானவர்களைவிட 2.7 மடங்கு வாய்ப்பு. எடை ஏற ஏற வாய்ப்பும் படிப்படியாக ஏறியது. 18 வயசுக்குப் பிறகு நிறைய எடை போட்டவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. 2007-ல் இதுபோன்ற ஏழு ஆய்வுகளை, மொத்தம் 3,33,102 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது பருமனானவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று வந்தது. ஆண், பெண் இருபாலருக்கும்.

சரி, எப்படி? எனக்கு இதில் பிடித்த பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இயல்பாக மூச்சை விட்டு முடியுங்கள். அடுத்த மூச்சை இழுக்கும் முன், அந்த ஒரு நொடி. இப்போது நுரையீரல் காலி இல்லை. சராசரி ஆளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று உள்ளே மிச்சம் இருக்கும். நுரையீரல் தன் ரப்பர் குணத்தால் உள்ளே சுருங்கப் பார்க்கிறது, நெஞ்சுக்கூடு வெளியே விரியப் பார்க்கிறது, இரண்டும் சமரசம் ஆகிற இடம் அது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் உதரவிதானத்தைக் கீழேயிருந்து மேலே தள்ளும். நெஞ்சைச் சுற்றிச் சேர்ந்தால் விலா எலும்புகள் மேல் மூட்டை வைத்த மாதிரி அமுக்கும். சமரசப் புள்ளி கீழே இறங்கிவிடும். 2006-ல் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி, பி.எம்.ஐ. 20 உள்ளவரோடு ஒப்பிட்டால் பி.எம்.ஐ. 30 உள்ளவருக்கு இந்த மிச்சக் காற்று 75 சதவீதம்தான். இயல்பாக மூச்சு விட்ட பிறகு இன்னும் முக்கி வெளியே தள்ளக்கூடிய காற்று இருக்கிறதே, அது பாதிக்கும் கீழே, 47 சதவீதம். பி.எம்.ஐ. 30 என்பது மிகப் பெரிய பருமன்கூட இல்லை. 165 செ.மீ. உயரத்துக்கு 82 கிலோ. நம் தெருவில் பத்துப் பேரைக் காட்டலாம்.

இதனால் என்ன? மூச்சுக்குழாயின் சின்னக் கிளைகளுக்குக் குருத்தெலும்புத் தாங்கல் கிடையாது. அவற்றைத் திறந்து வைத்திருப்பது சுற்றியுள்ள நுரையீரல் திசுதான். பந்தல் துணியை நாலா பக்கமும் கயிறு கட்டி இழுத்து வைத்திருக்கிற மாதிரி. நுரையீரல் நன்றாக விரிந்திருந்தால் கயிறு விறைப்பாக இருக்கும், குழாய் திறந்திருக்கும். நுரையீரல் சுருங்கிய நிலையிலேயே வேலை செய்தால் கயிறு தளர்ந்து துணி தொங்கிவிடும். நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கும் சின்னக் குழாய்கள் ஒவ்வொரு மூச்சிலும் மூடித் திறக்க ஆரம்பிக்கும். படுத்தால் இன்னும் மோசம்.

அதோடு முடியவில்லை. மூச்சுக்குழாயைச் சுற்றி ஒரு மென்தசை வளையம் இருக்கிறது. ஆஸ்துமாவில் இறுக்கிப் பிடிப்பது இதுதான். நாம் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும், அவ்வப்போது நம்மையறியாமல் விடுகிற பெருமூச்சும், இந்தத் தசையை இழுத்து அதன் பிடியைக் கொஞ்சம் உதறிவிடுகின்றன. சோம்பல் முறிப்பது போல. எடை அதிகமுள்ளவர்கள் சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக மூச்சுவிடுவார்கள். அதனால் தசைக்கு அந்த நீட்டல் போதுமான அளவு கிடைப்பதில்லை. நீட்டல் கிடைக்காத தசை குறுகிய நிலையிலேயே விறைத்துக்கொள்கிறது. கனடாவில் 1987-ல் செய்த ஒரு பரிசோதனையில் ஆரோக்கியமானவர்களைக் குறைந்த நுரையீரல் கொள்ளளவில் மூச்சுவிட வைத்து, மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலின் மருந்தைக் கொடுத்தார்கள். வழக்கத்தைவிட அதிகமாகச் சுருங்கியது. கொழுப்பும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. வெறும் கொள்ளளவுதான் மாறியது.

ஆனால் இது மட்டும் காரணம் என்றால் பருமனாக உள்ள எல்லோருக்கும் ஆஸ்துமா வந்திருக்க வேண்டும். வரவில்லையே. பெரும்பாலானவர்களுக்கு வராது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் டிக்சன் குழுவினர் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது: சிலருக்குச் சின்ன மூச்சுக்குழாய்கள் இயல்பிலேயே எளிதில் மடங்கக்கூடியவை. அவர்கள் எடை போடும்போது அந்தப் பலவீனம் நோயாக வெளிப்படுகிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு 2019-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. படித்தபோது நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறந்தவர்களின் தானமளிக்கப்பட்ட நுரையீரல்கள், 52 பேருடையவை. அதில் 1,373 மூச்சுக்குழாய்களை வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மூச்சுக்குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்புத் திசு! பி.எம்.ஐ. கூடக் கூட அந்தக் கொழுப்பும் கூடியிருந்தது. கொழுப்பு கூடிய இடங்களில் சுவர் தடித்திருந்தது, அழற்சி செல்களும் அதிகம் இருந்தன. கொழுப்பு என்றால் தொடை, இடுப்பு, தொப்பை என்றுதானே நினைப்போம். அது காற்று போகும் வழியின் சுவரிலேயே குடியேறியிருப்பதை அதற்குமுன் யாரும் இப்படிக் காட்டியிருக்கவில்லை.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையும் இல்லை. அது ஒரு சுரப்பி மாதிரி. லெப்டின் என்ற ஹார்மோனை நிறையச் சுரக்கிறது, அது அழற்சியைத் தூண்டும் பக்கம். அழற்சியை அடக்கும் பக்கமுள்ள அடிபோனெக்டின் குறைந்துபோகிறது. வயிற்றுக் கொழுப்புக்குள் அழற்சி செல்கள் புகுந்து இன்டர்லூகின்-6 போன்றவற்றை ரத்தத்தில் கலக்கின்றன. 2016-ல் அமெரிக்காவில் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை ஆராய்ந்தபோது, ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அதிகம் இருந்தவர்களுக்கு நுரையீரல் வேலை மோசமாகவும், திடீர் தாக்குதல்கள் அதிகமாகவும் இருந்தன. சுவாரசியம் என்னவென்றால், அவர்களில் பருமன் இல்லாத சிலரும் இருந்தார்கள். தராசு முள் காட்டுகிற எடையைவிட, உள்ளே வளர்சிதை மாற்றம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது முக்கியம் போல.

ஒரே ஒரு வேளைச் சாப்பாடுகூட இதில் விளையாடுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் குழு ஒன்று ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொழுப்பு நிறைந்த துரித உணவைக் கொடுத்து, நாலு மணி நேரம் கழித்துச் சளியைப் பரிசோதித்தது. நியூட்ரோஃபில் எனும் அழற்சி செல்கள் கூடியிருந்தன. சால்பியூட்டமால் பம்ப் அடித்தபோது கிடைக்கும் நிவாரணமும் குறைந்திருந்தது. நம் கல்யாண வீட்டுப் பந்திக்கு யாராவது இந்தப் பரிசோதனையைச் செய்தால் தேவலை.

இப்போது முக்கியமான இடம். "பருமன் ஆஸ்துமா" என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதற்குள் குறைந்தது இரண்டு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சின்ன வயசிலேயே, சுமார் 12 வயசுக்குள், ஆஸ்துமா வந்துவிடுகிறது. தூசி, மகரந்தம், பூனை முடி என ஒவ்வாமை இருக்கும். ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவும் ஈசினோஃபில்களும் அதிகம். பிறகு எடை கூட, ஏற்கெனவே இருந்த நோய் முற்றுகிறது. இன்னொருவருக்கு முப்பது நாற்பதுக்கு மேல், எடை போட்ட பிறகு புதிதாக வருகிறது. பெரும்பாலும் பெண்கள். ஒவ்வாமை இருக்காது, ஐ.ஜி.ஈ. சாதாரணம், ஈசினோஃபில் அதிகம் இருக்காது. ஆனால் வீசிங், இருமல், இரவுத் திணறல் எல்லாம் படுத்தி எடுக்கும். 2008-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் கொட்டித் தானாகக் குழு பிரிக்கச் சொன்னபோது, "பருமன், பெண்கள், ஈசினோஃபில் குறைவு" என்று ஒரு கூட்டம் தனியாகவே பிரிந்து நின்றது.

இது ஏதோ வகைப்பாட்டு விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மருந்து இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆஸ்துமாவின் முதன்மை மருந்தான உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, ஈசினோஃபில் வகை அழற்சியை நன்றாக அடக்கும். அந்த அழற்சியே இல்லாத இடத்தில் அது எதை அடக்கும்? 2006-ல் பல மருந்துப் பரிசோதனைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பி.எம்.ஐ. கூடக் கூட பெக்லோமெத்தசோன் இன்ஹேலரின் பலன் குறைந்துகொண்டே வந்தது. மோன்டெலுகாஸ்ட் மாத்திரையின் பலன் அப்படிக் குறையவில்லை. 2008-ல் இன்னொரு குழு ரத்த செல்களிலேயே இதைக் காட்டியது: ஸ்டீராய்டு தூண்ட வேண்டிய ஒரு அழற்சித் தடுப்பு மரபணு, எடை அதிகமுள்ள ஆஸ்துமாக்காரர்களின் செல்களில் சரியாகத் தூண்டப்படவில்லை.

என் சித்தியின் கதை இங்கே பொருந்தும். 46 வயசில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு எடை போட்டார், 48-ல் வீசிங். இன்ஹேலர் கொடுத்தார்கள். அடங்கவில்லை. டோஸைக் கூட்டினார்கள். பிறகு வருஷத்துக்கு மூணு தடவை, நாலு தடவை ஸ்டீராய்டு மாத்திரை கோர்ஸ். ஒவ்வொரு கோர்ஸிலும் பசி பிய்த்துக்கொண்டு போகும், எடை ஏறும், முகம் வீங்கும். மூணாவது வருஷம் சர்க்கரை வந்துவிட்டது. "ஏண்டா, மூச்சுக்குன்னு ஒரு மாத்திரை, அந்த மாத்திரைக்குன்னு இன்னொரு மாத்திரையா?" என்று கேட்டார். அவருடைய ஐ.ஜி.ஈ.யோ ஈசினோஃபிலோ அதுவரை யாரும் பார்க்கவே இல்லை. பார்த்தபோது இரண்டும் சாதாரணம்.

வட்டம் புரிகிறதா? எடையால் ஸ்டீராய்டு வேலை குறைகிறது. வேலை செய்யாததால் அளவு கூடுகிறது. மாத்திரையாக அடிக்கடி போனால் எடையும் சர்க்கரையும் ஏறுகின்றன. அது ஆஸ்துமாவை இன்னும் மோசமாக்குகிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எடை ஏற்றுகிற பிரச்சினை முக்கியமாக மாத்திரை, ஊசி ஸ்டீராய்டுக்குத்தான். இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் அளவு. கடும் தாக்குதலில் ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும் மருந்து, அதை யாரும் மறுக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் சொல்வது, மருந்து ஏன் கேட்கவில்லை என்று பார்க்காமலேயே அளவை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கத்தைப் பற்றி.

எடை குறைந்தால் ஆஸ்துமா குறைகிறதா? குறைகிறது. ஃபின்லாந்தில் 2000-ல் 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மிகக் குறைந்த கலோரி உணவுத்திட்டம் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 14.5 சதவீத எடை குறைந்தார்கள், நுரையீரல் அளவீடுகள் முன்னேறின. ஒரு வருஷம் கழித்தும் பலன் தங்கியிருந்தது. அவ்வளவு குறைக்க முடியாதே என்பவர்களுக்கு 2013-ன் நியூகாசில் ஆய்வு ஆறுதல்: 5 முதல் 10 சதவீதம் குறைந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா கட்டுப்பாட்டில் உணரத்தக்க முன்னேற்றம். 82 கிலோ ஆளுக்கு அது நாலு முதல் எட்டு கிலோ. சித்தி மாதிரியானவர்களுக்கு இன்னும் தெளிவான தகவல் வெர்மான்ட்டிலிருந்து வருகிறது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 23 ஆஸ்துமாக்காரர்களை ஒரு வருஷம் தொடர்ந்தார்கள். மூச்சுக்குழாயின் அதீதச் சுருங்கும் குணம் குறைந்தது, அதுவும் ஐ.ஜி.ஈ. சாதாரணமாக இருந்தவர்களிடம்தான். ஒவ்வாமை வகையினருக்கு அந்தக் குணம் அப்படி மாறவில்லை. எடையோடு வந்த ஆஸ்துமா எடையோடு போகப் பார்க்கிறது, எடைக்கு முன்பே வந்தது அப்படியே தங்குகிறது.

குழந்தைகள் விஷயத்தில் அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது. கலிபோர்னியாவில் பருமன் இல்லாத 2,171 பள்ளிப் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆஸ்துமா இருந்த பிள்ளைகள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 51 சதவீதம் அதிகம். ஆனால் நிவாரண இன்ஹேலர் பயன்படுத்திய பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு குறைந்திருந்தது. "பம்ப் பழக்கமாயிடும்" என்று பயந்து மருந்தை மறைத்துவைத்து, "ஓடாதே, இளைக்கும்" என்று பிள்ளையை பெஞ்சில் உட்கார வைக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அந்த பெஞ்சுதான் எடையைக் கொடுக்கிறது.

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் அதிகமுள்ள நாடுகளில், பி.எம்.ஐ. 30 என்ற கோட்டை வைத்துச் செய்தவை. தெற்காசியர்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். அதனால்தான் இந்திய நிபுணர்கள் 2009-லேயே கோட்டை இறக்கினார்கள்: 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். அதுகூட 25 என்ற கோட்டை வைத்து எடுத்த கணக்கு. நம் நுரையீரல் மருத்துவமனைகளில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது, இடுப்பளவு டேப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே நாற்பதுக்கு மேல் புதிதாக வீசிங் வந்து, மருந்து சரியாகக் கேட்காத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில. பம்ப் அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி பார்த்தாச்சா? ரத்தத்தில் ஈசினோஃபில், ஐ.ஜி.ஈ. எவ்வளவு? இன்ஹேலர் பிடிக்கும் முறை சரியா? (இதைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம், பாதிப் பேர் தப்பாகத்தான் அடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.) நெஞ்செரிச்சல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, இந்த இரண்டும் பருமனோடு கூடவே வந்து ஆஸ்துமா மாதிரியே வேஷம் போடும், இருக்கிற ஆஸ்துமாவையும் கிளறிவிடும். அவற்றுக்கும் தனியாக வைத்தியம் உண்டு.

எடை குறைய ஆரம்பித்த பிறகு ஒரு ஆபத்து இருக்கிறது. மூச்சு லேசானதும் இன்ஹேலரைத் தானாகவே நிறுத்திவிடுவார்கள். வழக்கமான நடைமுறை வேறு: மூணு மாசம் போல ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருந்தால், டாக்டர் ஒரு படி இறக்குவார். மறுபடி காத்திருந்து பார்த்து, சரியாக இருந்தால் இன்னொரு படி. மழைக்காலத்தில், சளி பிடித்திருக்கும்போது, ஊருக்குக் கிளம்பும்போது இறக்க மாட்டார்கள். சித்தி பத்து மாசத்தில் ஏழு கிலோ குறைத்திருக்கிறார். அவருக்கு முதல் படி போன மாசம்தான் இறங்கியது. இரண்டு வேளை மருந்தில் காலை வேளை அப்படியே இருக்கிறது, ராத்திரி அளவு பாதியாகியிருக்கிறது.